குடைக்கு ஸ்கோப் மாட்டிய லென்சு மிலிட்டரி

உலகத்தில் குடைக்குத் தொலைநோக்கி மாட்டிய ஒரே மனிதர் எங்கள் வங்கியின் செஞ்சிக் கிளையில் துப்பாக்கிக் காவலராக இருந்தவர்தான். விசாரித்துவிட்டுச் சொல்லவில்லை. விசாரிக்கத் தேவையில்லை என்பதால் சொல்கிறேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி பஸ் ஸ்டாண்டிலிருந்து காந்தி பஜார் வரைக்கும் அவர் லென்சு மிலிட்டரி. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், ஆகவே மிலிட்டரி. லென்சு ஏன் என்பது நான் போன முதல் நாளே தெரிந்துவிட்டது.

காசாளராக மாற்றலாகிப் போய், கூண்டுக்குள் நுழைந்து உட்கார்ந்திருந்தேன். காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை, தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஒருவர் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். என் முகத்தையே பார்த்தார். வணக்கம் சொல்லவில்லை.

"சார், சிலிண்டர் இருக்குதா?"

புது ஊர், புது வீடு. மனிதர் அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "புக் பண்ணியிருக்கேன். இன்னும் வரல" என்றேன்.

"அந்த சிலிண்டர் இல்ல சார். கண்ணாடியில. உங்க கண்ணாடிச் சீட்டுல சிலிண்டர் பவர்னு ஒண்ணு போட்டிருப்பான். இருக்குதா?"

இருந்தது. ஒப்புக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான வருத்தம் இருந்தது.

"அப்ப உங்களுக்கு ரெட் டாட் ஆகாது சார்."

ரெட் டாட் என்பது என்ன என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். துப்பாக்கியின் மேல் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சிவப்புப் புள்ளி ஒன்று எரியும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே அந்தப் புள்ளியை இலக்கில் வைக்கலாம். என்னைப் போன்ற சிலிண்டர்காரர்களுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரியாது. "நசுங்கின தக்காளி மாதிரி தெரியும் சார்" என்றார். அதற்குள் கவுண்டரில் வரிசை கதவு வரைக்கும் போய்விட்டது. வரிசையில் இருந்த யாரும் கோபப்படவில்லை. அவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் சிலிண்டர் பவர் தெரிந்திருந்தது.

அவருடைய வாழ்க்கையின் பெரிய துக்கம், வங்கி அவருக்குக் கொடுத்திருந்த துப்பாக்கி. ராணுவத்தில் ரைஃபிளும், அதற்கு மேல் மாட்டிக் குறி பார்க்கும் ஸ்கோப்புமாக வாழ்ந்தவர் கையில் ஒரு பழைய இரட்டைக் குழல். அதன் குழல் நுனியில் பித்தளையில் கடுகளவு ஒரு குமிழ் இருக்கும். குறி பார்ப்பதற்கு என்று இருப்பது அது ஒன்றுதான்.

"இதுக்குப் பேரு குறியா சார்? மூக்குத்தி!" என்பார்.

ஸ்கோப் மாட்டிக்கொள்ள அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். ஸ்கோப் இல்லாவிட்டால் ரெட் டாட், அதுவும் இல்லாவிட்டால் குழலுக்கு அடியில் ஒரு டார்ச் லைட்டாவது. ஆயுதத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். வங்கித் துப்பாக்கியில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை. சொந்தக் குடையில் மாட்டினார்.

நீளமான கறுப்புக் குடை. வளைந்த மரக் கைப்பிடி. சைக்கிள் கடையில் செய்து வாங்கிய இரண்டு வளையங்களைப் போட்டு அதன் முதுகில் ஸ்கோப்பை உட்கார வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்க் குடையைத் தோளில் ஊன்றி ராஜகிரிக் கோட்டை உச்சியைக் குறி பார்ப்பார். கோட்டை பார்க்க வந்தவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் பார்ப்பது இதைத்தான். சிலர் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

முதலில் வாங்கியது ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டும் ஸ்கோப். மொபைலில் விளம்பரம் பார்த்து வரவழைத்தது. கொஞ்ச நாளிலேயே அதன் மேல் அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது.

"பெருசா காட்டுதுன்னு ஏமாந்துட்டேன் சார். காக்கா தெரியுது. காக்கா எந்த மரத்துல குந்திக்கினு இருக்குதுன்னு தெரியல. நம்ம கை நடுக்கத்தையும் சேத்து ஒம்போது மடங்காக்குது. கிட்ட இருக்கிறதுக்கு இவ்ளோ பவரு இன்னாத்துக்கு?"

அதைக் கழற்றிவிட்டு, சென்னையில் துப்பாக்கி சுடும் கிளப்பில் வேலை பார்த்த பழைய சிநேகிதரிடமிருந்து குறைந்த பவரில் ஒன்று வாங்கி வந்தார். அதற்கும் கண்ணுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் பாடம் நடந்தது. இல்லாவிட்டால் சுடும்போது பின்னால் வந்து புருவத்தில் இடிக்குமாம். "எங்க ரெஜிமெண்ட்ல புதுசா வர்றவன் புருவத்துல பாதி நெலா மாதிரி வெட்டு இருக்கும் சார். லீவுல ஊருக்குப் போனா எதிரி வெட்டினான்னு சொல்லிக்குவான்." எங்கள் மேனேஜர் மேடம் கோயம்புத்தூர்க்காரர், நிதானமானவர். "குடை பின்னால இடிக்காதுங்களே மிலிட்டரி?" என்றார். "இன்னிக்கு இடிக்காது மேடம்" என்றார் இவர்.

மொட்டை மாடியில் அவருக்கு ஒரு விதி இருந்தது. குடையில் ஸ்கோப் மாட்டியிருக்கும்போது மனிதர்கள் பக்கம் அதைத் திருப்பவே மாட்டார். கோட்டைப் படியில் யாராவது ஏறுவது தெரிந்தால் ஸ்கோப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். "குடைதானே?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"குடைன்னு எனக்குத் தெரியும் சார். கைக்குத் தெரியாது."

இன்னொரு நாள் மாடியிலிருந்து இறங்கி வந்து என் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எங்கள் நகை மதிப்பீட்டாளர், மாமியாருக்குச் சீரியஸ் என்று சொல்லிவிட்டு மதியமே கிளம்பியிருந்தார். அப்ரைசர் என்றுதான் அவரையும் எல்லோரும் கூப்பிடுவோம். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பொட்டுத் தங்கத்தில் செம்பு எவ்வளவு என்று சொல்கிறவர். லென்ஸ் விஷயத்தில் ஊரில் லென்சு மிலிட்டரிக்கு இருந்த ஒரே போட்டி.

"கோட்டைப் படியில ஒரு ஆளு கொய்யாப்பழம் துன்னுக்கினு இருக்குறாரு சார்" என்றார் மிலிட்டரி.

"யாரு?"

"சட்டை அப்ரைசர் சட்டை. நொண்டுறது அப்ரைசர் நொண்டுறது. பக்கத்துல அவங்க வீட்டம்மா மாதிரி ஒருத்தங்க."

"அப்ப அப்ரைசர்தான்."

"அப்பிடி நான் சொல்ல மாட்டேன். மூஞ்சி தெரியல. தெரியறது வேற, யாருன்னு அடையாளம் சொல்றது வேற."

மறுநாள் அப்ரைசரிடம் மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டோம். தேறிவிட்டார் என்றார். கொய்யாப்பழம் நல்லா இருந்துச்சா என்று மேடம் கேட்டார். அதற்கு அப்புறம் ரொம்ப நாள் அப்ரைசர் மிலிட்டரியோடு பேசவில்லை. "நீங்கன்னு நான் சொல்லவே இல்லை, உங்க சட்டைன்னுதான் சொன்னேன்" என்று இவர் போய் விளக்கியதில் விஷயம் இன்னும் மோசமானது.

பிறகு நகப்பூச்சு வந்தது.

ஸ்கோப்பை எவ்வளவு இறுக்கமாக மாட்டினாலும் ஸ்குரூ மெதுவாகத் தளருமாம். தளர்ந்தால் குறி விலகும். அதைக் கண்டுபிடிக்க, இறுக்கிய ஸ்குரூவின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். கோடு பிசகினால் ஸ்குரூ சுழன்றுவிட்டது என்று அர்த்தம். இதற்கு நகப்பூச்சைவிடச் சிறந்தது எதுவும் இல்லை என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் ஒவ்வொரு நிறமாகத் தன் கட்டைவிரல் நகத்தில் போட்டுப் பார்த்து, கடைசியில் ரத்தச் சிவப்பை வாங்கிக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலத்துக்குள் செஞ்சி முழுக்க ஒரு செய்தி பரவியது. அதை நான் இங்கே எழுத முடியாது. சிங்கவரத்தில் இருந்த அவர் மனைவிக்கும் போய்ச் சேர்ந்தது.

குடைக்குப் போட்டது போக நிறைய மிச்சம் இருந்தது. கிளையில் இருந்த எல்லா ஸ்குரூவுக்கும் கோடு போட்டார். ஃபேன், கதவுக் கீல், என் கூண்டின் தாழ்ப்பாள், பணம் எண்ணும் மெஷின். தினமும் காலையில் ஒரு சுற்று வந்து பார்ப்பார். ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குள் போய், "மேடம், உங்க சேர்ல கோடு நவுந்துட்டுது. குந்தாதீங்க" என்றார்.

மேடத்துக்கு அப்போது ஃபோனில் மண்டல அலுவலகம். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். மண்டல அலுவலகத்துக்கு முதலில் ஒரு கூச்சலும் அப்புறம் ஒரு சத்தமும் கேட்டிருக்கும். மிலிட்டரி உள்ளே ஓடிப்போய் மேடத்தைத் தூக்குவதற்கு முன்னால் நாற்காலியைக் கவிழ்த்து ஸ்குரூவைப் பார்த்தார் என்று அப்ரைசர் சொன்னார். அவர்கள் இருவருக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடன் வாங்க வருகிற விவசாயிகள் கையெழுத்துப் போட்டு முடித்ததும் நேராக அவரிடம் போவார்கள். கொல்லைக்காட்டுக்கு எந்த டார்ச் வாங்கலாம், மோட்டார் கொட்டகைக்கு எந்தக் கேமரா வைக்கலாம், பையன் பைனாகுலர் கேட்கிறான், எது நல்லது. அவர் யாருக்கும் உடனே பதில் சொன்னதில்லை. டாக்டர் மாதிரி கேள்வி கேட்பார். "எவ்ளோ தொலைவு பாக்கணும்? எந்நேரத்துல பாக்கணும்?" இதுவரைக்கும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அடுத்த கேள்வியில்தான் விழுவார்கள். "பாத்துட்டு இன்னா செய்யப் போற?"

மண்டகப்பட்டுக்காரர் ஒருவர் வேர்க்கடலைக் கொல்லைக்கு மலையையே வெளிச்சமாக்குகிற டார்ச் வேண்டும் என்று நின்றார். மிலிட்டரி அவரை எங்கள் ரெக்கார்டு ரூமுக்குள் அழைத்துக்கொண்டு போனார். பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும் அறை அது. பழைய கணக்குக் கட்டுகளும் பின்பக்கம் திறக்கும் ஒரு கதவும்தான் உள்ளே. கையில் இருந்த பெரிய டார்ச்சை வெள்ளைச் சுவரில் அடித்தார். வெளிச்சம் திரும்பி வந்து இருவர் கண்ணையும் குருடாக்கியது.

"பாத்தியா? கிட்ட பாக்குறவனுக்கு பெரிய வெளிச்சம் எதிரி. தூரத்துக்கு ஒண்ணு, கிட்டத்துக்கு ஒண்ணு. பொகை, பனி இருந்தா ரெண்டுமே வேஸ்ட்டு."

"ஒண்ணும் தெரியலண்ணா" என்றார் மண்டகப்பட்டுக்காரர்.

"அதான் சொல்றேன்" என்றார் இவர். இருவரும் கட்டுகளில் இடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஒரு வருஷம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்வையிடப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். அவரும் ராணுவத்தில் இருந்தவர். மிலிட்டரி அவரிடம் தன் கோரிக்கையை எடுத்துச் சொன்ன அழகைப் பார்த்திருந்தால் உங்களுக்கே கண் கலங்கியிருக்கும். அதிகாரி யோசித்தார். ஸ்குரூ போடாமல், துளை போடாமல், கையால் கழற்றி மாட்டுகிற கவ்வி என்றால் ஒரு சின்ன டார்ச் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

லென்சு மிலிட்டரி அன்று எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். அப்ரைசருக்கும் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார். மறுநாளே இரட்டைக் குழலுக்கு அடியில் கட்டைவிரல் தடிமனில் ஒரு டார்ச் வந்து உட்கார்ந்தது. அழுத்தினால் மட்டும் எரியும், விட்டால் அணையும். வேறு எந்த வித்தையும் கிடையாது. அஞ்சு விதமாக மினுக்குகிற டார்ச் எல்லாம் கல்யாண வீட்டுக்குத்தான் லாயக்கு என்பது அவர் கட்சி. புது மாப்பிள்ளை மோதிரத்தைப் பார்ப்பது போல அந்த டார்ச்சை அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டார்.

அதற்கு வேலை வந்தது ஐப்பசியில்.

காலையிலிருந்து பேய்மழை. பஸ் ஸ்டாண்டு குளமாகிவிட்டது. கரண்ட் போய், இன்வெர்ட்டரும் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. பின்பக்கம் இருந்த ஜெனரேட்டர் அதற்கு முந்தின வாரமே மண்டையைப் போட்டிருந்தது. மெக்கானிக்குக்குக் காலையில் மேடம் ஃபோன் செய்தபோது, மழை விட்டால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். முன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டோம். வெளியே போக முடியாத நாலைந்து வாடிக்கையாளர்களும் நாங்களும் மூன்று மணிக்கே அந்தி போல இருந்த ஹாலில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து ஊரில் ஏதோ ஏ.டி.எம்-ஐ உடைத்துவிட்டார்கள் என்று அந்த வாரம் முழுக்கப் பேச்சு. இருட்டில் உட்கார்ந்தவர்கள் அதைத்தான் பேசினார்கள்.

அப்போது ரெக்கார்டு ரூமுக்குள் இரும்பு விழுகிற சத்தம் கேட்டது.

அப்ரைசர்தான் பக்கத்தில் இருந்தார். கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, திறந்ததைவிட வேகமாக மூடினார்.

"திருடன்! ஹெல்மெட்டு போட்டிருக்கான்! கையில கடப்பாரை!"

ஹாலில் இருந்த சத்தத்தை விவரிக்க மாட்டேன். நான் பணப்பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கவுண்டருக்கு அடியில் போய்விட்டேன். அது என் பணிவிதிகளில் இருக்கிறதா என்று இன்றுவரை பார்க்கவில்லை. அங்கிருந்து எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

மிலிட்டரி இரண்டு தோட்டாவைப் போட்டுக் குழலை மூடினார். "எல்லாரும் செவுத்தோரமா கீழ குந்துங்க. யாரும் எழுந்துக்கக் கூடாது" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து நான் கேட்டதில்லை. பிறகு துப்பாக்கியைத் தரைப் பக்கம் திருப்பி, குனிந்து, இத்தனை வருஷமாகத் தவம் இருந்து வாங்கிய அந்த டார்ச்சைக் கவ்வியிலிருந்து கழற்றினார். இடது கையில் எடுத்துக்கொண்டார்.

"என்னங்க மிலிட்டரி, கழட்டறீங்க?" என்றார் மேடம். சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"இதுல இருந்தா வெளிச்சம் போற எடத்துக்கெல்லாம் குழலும் போவும் மேடம். உள்ள யாருன்னு இன்னும் தெரியல."

கதவைக் காலால் தள்ளினார். நேராக நிற்காமல் நிலைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, டார்ச்சைத் தரையில் அடித்தார். வெள்ளைச் சுவரில் அடிக்கவில்லை. எனக்குக் கவுண்டருக்கு அடியிலிருந்து கதவின் கீழ்ப்பாதி தெரிந்தது. தண்ணீர் சொட்டும் மழைக்கோட்டு. அதற்குக் கீழே ரப்பர் செருப்பு.

"யாரது?"

பதில் இல்லை. ஜெனரேட்டர் கொட்டகையின் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி கேட்டார். செருப்பு ஓர் அடி முன்னால் வந்தது.

"சுடுங்க சார்! வர்றான், சுடுங்க!" என்று வாடிக்கையாளர் ஒருவர் கத்தினார். உடனே எல்லோரும் கத்தினார்கள். மேடமும் கத்தினார்.

வெளிச்சம் மெதுவாக மேலே ஏறியது. முகத்துக்குப் போகவில்லை. கைக்குப் போய் நின்றது. வலது கையில் நீளமாக, நுனியில் வளைந்த இரும்பு. அந்தக் கை சட்டென்று உயர்ந்தது. அடிக்கத்தான் ஓங்குகிறான் என்று அந்த ஹாலில் இருந்த எல்லோரும் நினைத்திருப்போம். மிலிட்டரியின் துப்பாக்கி தரையை விட்டு எழும்பவில்லை. டார்ச்சைத்தான் தாழ்த்தினார்.

"கண்ணு கூசுது அவனுக்கு" என்றார். எங்களிடம் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியாது.

பிறகு டார்ச்சைத் திருப்பித் தன் மேலேயே அடித்துக்கொண்டார். காக்கிச் சட்டையும் மீசையும் பளிச்சென்று தெரிந்தன. எதிரில் நிற்பவன் கையில் என்ன இருந்தாலும் அடிப்பதற்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. துப்பாக்கியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, காலியான வலது கையை வெளிச்சத்தில் நீட்டி, கீழே வை, கீழே வை என்று சைகை காட்டினார்.

இரும்பு தரையில் வைக்கப்பட்டது. ஹெல்மெட் கழன்றது.

"இன்னா சார் கண்ணு கூசுறாப்ல டார்ச்சு அடிக்கிறீங்க? முன்னால தண்ணி நிக்கிதேன்னு பின்னால வந்தேன், கதவு சும்மாத்தான் சாத்தியிருந்துச்சி. ஜென்செட் ரிப்பேருன்னு போன் பண்ணீங்கள்ல?"

மெக்கானிக்! வருஷக்கணக்காக ஜெனரேட்டர்களோடு வாழ்ந்ததில் காது பாதி போனவர். மிச்சத்தை ஹெல்மெட்டும் மழையும் எடுத்துக்கொண்டன. கையில் இருந்தது, ஜெனரேட்டரைச் சுழற்றி ஓட வைக்கிற கைப்பிடி. மேடம் அவ்வளவு கஷ்டப்பட்டுக் கேட்டாரே என்று மனசு கேட்காமல் மழையிலேயே கிளம்பி வந்தாராம்.

"சுடுங்க சுடுங்கன்னு ஏதோ காதுல விழுந்துச்சே, யாரைச் சுடச் சொன்னாங்க?" என்று அவர் கேட்டார். அப்ரைசர் பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மிலிட்டரி ஓரமாகப் போய்த் துப்பாக்கியை மடக்கினார். தோட்டாக்களை எடுக்க விரல் வரவில்லை. நகம் அவற்றின் விளிம்பில் வழுக்கி வழுக்கிப் போனது. நான் அருகில் போய் நின்றேன். உதவி செய்யத் தெரியாது, சும்மா நின்றேன். கடைசியில் எடுத்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, மேடம் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். மெக்கானிக் ஜெனரேட்டரை ஓட வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு சிங்கவரத்துக்குப் போனேன். அவர் கொல்லைக்குப் போயிருந்தார். அவர் மனைவி வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். பேங்கில் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எங்க வீட்டுக்காரரு, அது சுடாது சார். கழுதைக்கு அப்புறம் அது எதையும் சுடல."

"எந்தக் கழுதை?"

"சொல்லலியா உங்ககிட்ட? மிலிட்டரில மலை மேல காவலு இருந்துச்சாம். ஒரே பனி. எதுவோ வருது. யாருன்னு கேட்டிருக்குது, பதிலு இல்ல. சுட்டுட்டுது. போயி பாத்தா கோவேறு கழுதை. அவங்களுக்கே சக்கரையும் தபாலும் தூக்கிக்கினு வந்த கழுதை! கயித்த அறுத்துக்கினு முன்னால வந்துட்டுதாம். கழுதை எப்பிடி சார் பதிலு சொல்லும்?"

அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

"பின்னாலயே அதை ஓட்டிக்கினு ஒரு ஆளு வந்தானாம். நாலடி தள்ளி வந்ததால பொழைச்சான். அதுலேருந்துதான் இந்தக் கண்ணாடிப் பைத்தியம். பொண்ணு பொறந்தப்போ ராணின்னு பேரு வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னுது. ராணி மாதிரி இருக்கட்டும்னு ஆசைப்படுதுன்னு நெனச்சேன். கல்யாணம் கட்டிக் குடுத்தப்புறம்தான் உளறிச்சி. அந்தக் கழுதை பேரு சார் அது!"

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"ஐயோ, சொல்லிடாதீங்க. ஓசூர்ல டீச்சரா இருக்குது."

அதற்குள் மிலிட்டரி வந்துவிட்டார். ஆப்பிளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "மெழுகு தடவியிருக்கான் சார்" என்றார்.

அப்புறம் நான் திண்டிவனத்துக்கு மாற்றலானேன். அவரும் ஓய்வு பெற்றார். இப்போது அந்தக் கிளையில் துப்பாக்கியும் இல்லை, காவலரும் இல்லை. கேமராக்கள் இருக்கின்றன. பார்த்துவிட்டு என்ன செய்யும் என்று யாரும் அவற்றிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

போன தை மாதம் ஃபோன் செய்தார். இரண்டு கண்ணிலும் புரை, ஒன்றுக்குப் பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நாள் குறித்துவிட்டார்கள், வீட்டில் அறுவடை, ராணிக்குப் பள்ளியில் பரீட்சை. கூட வர ஆள் இல்லை என்று அவர் சொல்லவில்லை. "சும்மா சொன்னேன் சார்" என்றுதான் சொன்னார். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

டாக்டர் சின்னப் பெண். கண்ணுக்குள் வைக்கப்போகிற லென்ஸை ஒரு டப்பாவில் காட்டினார். அந்தத் தவறை அவர் இனிமேல் எந்த நோயாளியிடமும் செய்ய மாட்டார்.

"இதுல கோட்டிங் உண்டாம்மா? எதிர் வெளிச்சத்துல கூசாதே? நவுந்துடாம இதுக்குப் பிடிமானம் இன்னா?"

"நகராதுங்க ஐயா."

"ஸ்குரூ இல்லாம எப்பிடி நிக்கும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் அவர் பேனாவை எடுத்துக் கண்ணைப் படமாக வரைந்து விளக்கி, இவர் இரண்டு திருத்தம் சொல்லி, அதற்கு அப்புறம்தான் உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள்.

ஆபரேஷன் முடிந்து, கண்ணில் கவசத்தை ஒட்டி, கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். மீசை மட்டும் முறுக்காக இருந்தது. அடுத்த கண்ணிலும் புரை என்பதால் என்னை அவருக்கு நிழல் மாதிரிதான் தெரிந்திருக்கும். நர்ஸ் வந்து என்னிடம் கேட்டாள்.

"பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும் சார்?"

கூட வேலை பார்த்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், இத்தனை வருஷமாக என்னைச் சார் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாத லென்சு மிலிட்டரி, கூரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"தம்பிம்மா. எங்க வீட்டுச் சின்னவன்."

எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவன். நர்ஸ் நீட்டிய தாளில் தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.